கிளெம் ராடிகனின் தாடியை மழித்தவள்

கிளெம் ராடிகனின் தாடியை மழித்தது நான்தான். எங்கள் ஊர் வில்காராவில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவர்கூட என் முகத்துக்கு நேரே அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். கிளெம் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்னும் என் கடைக்கு முடிவெட்ட வருகிறவர்கள் மழையைப் பற்றியும் ஆட்டு ரோமத்தின் விலையைப் பற்றியும்தான் பேசுகிறார்கள். போதும், நானே சொல்லிவிடுகிறேன்.

கிளெமுக்குத் தொழில் வேலி போடுவது. நாற்பது வருஷம் கம்பியும் கம்பமுமாக வெயிலில் கிடந்த மனுஷன். சட்டை போட்டு வேலை செய்ததை இளமையில் யாரும் பார்த்ததில்லை. வாரம் முழுக்க அவர் பேசுவதை எழுதி வைத்தால் ஒரு தபால் அட்டை நிறையாது. ஆனால் செப்டம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, வில்காரா கோப்பைப் பந்தயத்தன்று, தகரக் கூண்டில் ஏறி ஒலிபெருக்கியைப் பிடித்தால் வேறு ஆளாகிவிடுவார். எங்கள் பந்தயத் திடலில் குதிரைகள் எதிர்ப்பக்கம் திரும்பியதும் சிவப்புத் தூசிதான் தெரியும். அந்தத் தூசிக்குள் எந்தக் குதிரை முந்துகிறது, எது பின்தங்குகிறது என்று பைனாகுலரில் பார்த்துச் சொல்கிற குரல் அவருடையது. முப்பத்தோரு வருஷம் அவர்தான் சொன்னார். அதில் ஒரே ஒரு தடவை இரண்டாவது குதிரையையும் மூன்றாவதையும் மாற்றிச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை அந்த இரண்டாவது குதிரையின் சொந்தக்காரர் வீட்டுக்கு அறுபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். குதிரைக்காரருக்கு அது நினைவே இல்லை.

அவர் காதுக்குப் பின்னால் இருந்த கரும்புள்ளியை முதலில் பார்த்ததும் நான்தான். அவருடைய பின்னந்தலையை மொய்ராவைவிட அதிகம் பார்த்தவள் நான். மொய்ரா அவர் மனைவி.

"கிளெம், இங்க என்ன, மை கொட்டின மாதிரி?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் அந்தப் பக்கம் போறதில்ல."

"விளையாடாத. டாக்டர்கிட்டக் காட்டு."

"ரேஸ் முடியட்டும், தாயே."

ரேஸுக்கு நாலு மாதம் இருந்தது. அவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். எங்கள் ஊரில் அதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, வாயில் வந்தபடி திட்டினேன். நாலு மாதம் கழித்துத்தான் போனார். தோல் புற்றுநோயில் பொல்லாத வகை என்றார்கள். காதுக்குப் பின்னால் அகலமாக வெட்டி, கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள். இங்கே ஐம்பது தாண்டியவர்களில் மூக்கிலோ காதிலோ ஒரு துண்டை டாக்டருக்குக் கொடுக்காதவர்கள் குறைவு, அதனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கழுத்துத் தழும்பை மறைக்கத் தலைமுடியையும் தாடியையும் வளர்த்தார். ஒன்பது வருஷத்தில் தாடி நெஞ்சைத் தொட்டது. நான் ஓரத்தை மட்டும் ஒழுங்கு செய்து அனுப்புவேன்.

பத்தாவது வருஷம் மார்ச் மாதம், கடையில் நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரியைக் காட்டி, "அந்த... அதைக் குடு" என்றார்.

"எதை?"

"அதான். அது. முடிக்கு."

சீப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு மொய்ராவுக்குப் போன் செய்தேன்.

மூளையில் மூன்று இடத்தில் பரவியிருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன் வெட்டி எறிந்த அதே கறுப்பு நோய். அவற்றில் பெரியது ஒரு பட்டாணி அளவு, பேச்சு உண்டாகிற இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தது. கத்தி வைத்தால் பேச்சே போகலாம், தலை முழுக்கக் கதிர் கொடுத்தால் ஆளே மந்தமாகலாம் என்று பிரிஸ்பேன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் சொன்னார். அதனால் குறிபார்த்துக் கொடுக்கிற கதிர்வீச்சு. பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள் வரும். தனித்தனியாக எதற்கும் வலு கிடையாது. எல்லாம் கூடுகிற இடத்தில் மட்டும் சுடும். ஒரே தடவை, அன்றே வீட்டுக்குப் போகலாம்.

கிளெம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்.

"செப்டம்பர்ல ரேஸ் சொல்வேனா?"

"அந்தப் பேச்சைக் காப்பாத்தத்தான் இதைச் செய்றோம்" என்றாராம் டாக்டர்.

அதற்கு முதலில் முகமூடி செய்ய வேண்டும். சல்லடை போலத் துளை போட்ட பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, முகத்தின் மேல் அழுத்திப் படிய வைப்பார்கள். ஆறினால் இறுகிவிடும். சிகிச்சையின்போது அதை மாட்டி மேசையோடு பூட்டிவிட்டால் தலை அசையாது. கிளெமுக்கு அந்த முடி, அந்தத் தாடி எல்லாவற்றோடும் சேர்த்து முகமூடி எடுத்தார்கள். அதை வைத்து ஸ்கேன் எடுத்து, கதிர் வரவேண்டிய வழியையெல்லாம் கணக்குப் போட வேண்டும். பத்து நாள் கழித்து வாருங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினார்கள்.

அந்தப் பத்து நாளில்தான் நாங்கள் வினையை இழுத்துவிட்டோம்.

எங்கள் ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் மற்றவர்கள் மொட்டை போட்டுக்கொள்வார்கள். அவருக்கு முடி கொட்டும்போது அவர் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்று. பள்ளிக்கூட டீச்சருக்காகச் செய்திருக்கிறோம், ஷெப்பர்ட் வீட்டுக் குழந்தைக்காகச் செய்திருக்கிறோம். கதிர்வீச்சு என்று காதில் விழுந்ததும் டெஸ் என் கடைக்கு வந்துவிட்டான். டெஸ் எங்கள் மதுக்கடைக்காரன், பந்தயக் கிளப்புக்குத் தலைவனும் அவனே.

"நொரீன், சனிக்கிழமை மத்தியானம் மெஷினைத் தூக்கிட்டு வந்துரு. கிளெமுக்காக ஊரே மொட்டை."

"அவருக்கு முடி கொட்டுமா? கேட்டியா?"

"கதிர் வச்சா கொட்டாம வளருமா? நீ வா."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. யாரும் கேட்கவில்லை. இந்த மாதிரிக் கதிர்வீச்சில் முடி பெரும்பாலும் கொட்டாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டோம்.

மதுக்கடை முற்றத்தில் நாற்பத்தோரு ஆண்களுக்கும் ஆறு பெண்களுக்கும் மொட்டை அடித்தேன். என் தலையை டெஸ் மழித்தான், புல் வெட்டுகிற லட்சணத்தில். சமையலறையில் மொய்ராவும் மற்றப் பெண்களும் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கிளெம் கையில் எலுமிச்சைச் சோடாவோடு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பளபளவென்று நாற்பது தலைகள் அவரைச் சுற்றி வந்து தோளில் தட்டின. பிறகு அவர் கிளாஸைக் கீழே வைத்தார், வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எடு."

"முழுசாவா?"

"முழுசா. தாடியையும்."

"மொய்ராகிட்டக் கேட்டியா?"

"என் தாடிக்கு மொய்ரா எதுக்கு?"

முற்றமே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே மெஷினைப் போட்டேன். அவ்வளவு முடி. கீழே குவிந்ததைப் பார்த்து, "இதுல ஒரு ஆட்டையே உருவாக்கலாம்" என்றான் டெஸ். ஒன்பது வருஷமாகப் பார்க்காத தாடை வெளியே வந்தது, நான் நினைத்ததைவிடச் சின்னதாக, வெளுத்துப்போய். அப்போது மொய்ரா சாண்ட்விச் தட்டோடு வாசலுக்கு வந்தாள். அவரைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். தழும்பைப் பார்த்துக் கலங்குகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டை மேசையில் வைத்தாள்.

புதன்கிழமை பிரிஸ்பேனுக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். மூளையில் நோய் வந்த பிறகு கிளெம் ஓட்டக் கூடாது, மொய்ராவுக்கு நகரத்து நெரிசல் ஆகாது. எழுநூறு கிலோமீட்டர். வழி முழுக்க மொய்ரா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சிகிச்சை அறையில் கெஸியா என்று ஒரு பெண். முகமூடி மாட்டி, மெஷினை இயக்குகிறவள். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவள் முகம் மாறியது. மூன்று பேரும் மொட்டையா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்து நான் என் தலையைத் தடவிக்காட்டினேன். மொய்ராவுக்கு முடி இருந்தது என்பதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

"கிளெம், உங்க தாடி எங்க?"

"வில்காராவுல" என்றார் கிளெம்.

அவள் சிரிக்கவில்லை. அவரைப் படுக்கவைத்து முகமூடியை மாட்டிப் பார்த்தாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். முகமூடியின் தாடைப் பக்கத்தில் என் இரண்டு விரல் நுழையும்போல இடைவெளி. தலையின் பின்பக்கமும் லொடலொட. படம் எடுத்தாள், பஞ்சு வைத்தாள், மறுபடி எடுத்தாள். கடைசியில் பூட்டைக் கழற்றிவிட்டு வெளியே வந்தாள்.

"இன்னைக்குச் செய்ய முடியாது. தலை அசையலாம்னா அதிகபட்சம் ஒரு மில்லிமீட்டர். இவர் உள்ள அஞ்சு மில்லிமீட்டர் அசையறார். பேச்சுக்குப் பக்கத்துல இருக்கிற கட்டி இது. குறி தப்பினா நல்ல இடத்தைச் சுட்டுருவோம்."

"அப்ப என்ன செய்றது?"

"புது முகமூடி, புது ஸ்கேன், எல்லாக் கணக்கும் முதல்லருந்து. அடுத்த இடம் காலியா இருக்கிறது ஒன்பது நாள் கழிச்சு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "முடியை எடுக்கக் கூடாதுன்னு வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? நாங்க என்ன ஜோசியமா பாக்கறோம்?"

கெஸியா கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினாள். சிகிச்சை முடியும்வரை தலைமுடி, தாடி எதையும் வெட்டவோ மழிக்கவோ கூடாது. தடித்த எழுத்து. கீழே கிளெமின் கையெழுத்து.

நான் கிளெமைத் தேடிப் போனேன். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஷூக்கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா வந்து உக்காந்த?"

"தெரியும்."

"மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்புறம் ஏன்யா?"

அவர் கயிறைக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "நாப்பது பேரு எனக்காக வழிச்சுட்டு நிக்கறான். நான் மட்டும் தாடியோட ஓரமா நிக்கவா? எப்படி நொரீன்?"

மொய்ராவைப் பார்த்தேன். "நானும் அந்தத் தாளைப் படிச்சவதான்" என்றாள் அவள். "வந்து பாத்தப்ப தாடி போயிருந்துச்சு. எல்லாரும் அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. ஆஸ்பத்திரியில எப்படியாவது சமாளிப்பாங்கன்னு விட்டுட்டேன்."

எனக்கு அந்த இரண்டு பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது. அதைவிட அதிகமாக என்னை.

அந்த ஒன்பது நாளும் நாங்கள் பிரிஸ்பேனில் ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாளே புது முகமூடி எடுத்தார்கள். கிளெமுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முதலில் சாமான்களின் பெயர்: உப்பு, துண்டு, சாவி. பிறகு ஆட்களின் பெயர். மொய்ராவைச் சொல்வார், என்னை "இவ" என்பார். சாப்பாட்டு மேசையில் நான் வேண்டுமென்றே பேசிக்கொண்டே இருந்தேன், அவர் பேச வேண்டிய இடம் வராமல் இருக்கட்டும் என்று.

புது ஸ்கேனில், பட்டாணியாக இருந்த பெரிய கட்டி கொண்டைக்கடலை அளவாகியிருந்தது, உள்ளே கொஞ்சம் ரத்தக் கசிவும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. நாலாவதாக ஒரு புள்ளி, மூளையின் பின்பக்கம், மிளகைவிடச் சின்னது. முந்தைய ஸ்கேனில் அது இல்லை.

நாலையும் ஒரே நாளில் சுட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கனத்த கதவு மூடியிருந்தது. உள்ளே அவர் தனியாக, முகத்தைப் பூட்டி. வலி கிடையாது, சத்தம்கூட அதிகமில்லை என்றார்கள். எனக்கு ஜெபம் செய்து பழக்கமில்லை. அன்றைக்குச் செய்தேன், பேச்சை மட்டும் விட்டுவை, மற்றதை எப்படி வேண்டுமானாலும் செய்துகொள் என்று. கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது கன்னம், நெற்றி, மொட்டைத் தலை எல்லாம் முகமூடியின் சல்லடைத் தடம் பதிந்திருந்தது. மொய்ரா அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

நான் கெஸியாவைத் தனியாகப் பிடித்தேன்.

"உண்மையைச் சொல்லும்மா. நான் தாடியை எடுக்காம இருந்திருந்தா இவர் பேச்சு தப்பிச்சிருக்குமா?"

"தெரியாது."

"மழுப்பாத."

"மழுப்பல. ஒன்பது நாள் முன்னாடி சுட்டிருந்தா பெரிய கட்டி சின்னதா இருந்திருக்கும். பேச்சு இன்னும் நல்லா இருந்திருக்கலாம். ஆனா நாலாவது அப்ப கண்ணுலயே பட்டிருக்காது. அதை விட்டிருப்போம். அது என்ன செஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவள் என்னை மன்னிக்கவும் இல்லை, குற்றம் சொல்லவும் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு உடம்பின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடுகிற மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊசியில் ஏற்றினார்கள். ஜூலை ஸ்கேனில் நாலு கட்டியும் சுருங்கியிருந்தன, நாலாவது இருந்த இடமே தெரியவில்லை. போன சொற்களில் பாதி திரும்பி வந்தன. சாமான்களின் பெயர் வந்தது. ஆட்களின் பெயர் சில நாள் வரும், சில நாள் வராது. ஆகஸ்டில் டெஸ் அவர் வீட்டுக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான், இந்த வருஷம் வேறு ஊரிலிருந்து ஆளைக் கூப்பிடலாமா என்று. கிளெம் என் கடைக்கு நடந்து வந்தார்.

"நீ என் பக்கத்துல உக்காரணும்."

"எங்க?"

"மேல. கூண்டுல. பேரு வரலன்னா உன் முட்டியைத் தட்டுவேன். நீ காதுல சொல்லு, நான் சொல்லிக்கிறேன்."

"எனக்குக் குதிரைன்னா வாலு எது தலை எதுன்னு மட்டும்தான் தெரியும், கிளெம்."

"குதிரையைப் பாக்காத. சட்டையைப் பாரு."

பந்தயத்துக்கு முன் மூன்று வாரம் அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து படித்தோம். குதிரையோட்டியின் சட்டை நிறம் குதிரைக்காரருடைய குடும்ப நிறம். ஹார்கிரேவ் வீட்டுக்குச் சிவப்பில் வெள்ளைப் பட்டை, ஓடௌட் வீட்டுக்குப் பச்சையும் மஞ்சளும். குதிரைகள் மாறும், நிறம் மாறாது. கலர் பென்சிலில் சட்டைகளை வரைந்து, பக்கத்தில் அந்த வருஷக் குதிரையின் பெயரை எழுதிவைத்து நான் மனப்பாடம் செய்தேன். அவரும் செய்தார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி உரக்க.

பந்தயத்தன்று முதல் நாலு ஓட்டமும் எப்படியோ கடந்தன. அவர் தட்டினார், நான் சொன்னேன். ஒரு ஓட்டத்துக்கு ஏழெட்டுத் தட்டு. நடுநடுவே ஒலிபெருக்கியில் மௌனம் விழும், கீழே ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், நான் காதில் சொன்னதும் குரல் தொடரும். நாலாவது முடிந்தபோது அவர் சட்டை வியர்வையில் ஒட்டிப்போயிருந்தது. போதும், கோப்பை ஓட்டத்தை டெஸ் சொல்லட்டும் என்றேன். அவர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கோப்பை ஓட்டத்தில் ஒன்பது குதிரை. குதிரைகள் புறப்படுகிற இடத்துக் கதவு திறந்ததும் கிளெம் ஆரம்பித்தார். நான் முட்டியைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தட்டவில்லை. பழைய குரல், தடையே இல்லை, நூல்கண்டு உருள்கிற மாதிரி ஓடியது. எனக்கு முதலில் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. பிறகுதான் என்ன சொல்கிறார் என்று காதில் விழுந்தது.

"முன்னால குயின் ஜெஸமின், அதை ஒட்டி டின் விசில், உள்பக்கம் மிஸ்டர் காபிள்..."

குயின் ஜெஸமின் ஹார்கிரேவ் வீட்டுக் குதிரை. செத்து இருபது வருஷத்துக்கு மேல். டின் விசில் ஓடௌட் வீட்டுடையது, எனக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஓடியது. சிவப்புச் சட்டையைப் பார்த்தார், பச்சை மஞ்சளைப் பார்த்தார், அந்தந்த வீட்டின் பழைய குதிரை வாயில் வந்தது. ஒன்பதில் ஒன்றுகூட இன்றைய பெயர் இல்லை. ஆனால் எந்த நிறம் எந்த இடத்தில் ஓடுகிறது என்பதில் ஒரு பிசகும் இல்லை.

ஒலிபெருக்கியின் சுவிட்ச் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. காகிதம் என் மடியில் இருந்தது. கீழே வந்திருந்த வெளியூர்க்காரர்கள் கையிலிருந்த குதிரைப் பெயர் அட்டையைப் புரட்டினார்கள். டெஸ் படிக்கட்டில் பாதி ஏறி நின்று என்னைப் பார்த்தான். யார் ஜெயித்தது என்பதை அறிவிக்க நடுவர் இருக்கிறார், பலகையில் எண் போட ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குக் கிளெம் தேவையில்லை. வேலியோரம் ஹார்கிரேவ் கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் கழற்றினார்கள். மொய்ரா பாதையைப் பார்க்கவில்லை, கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டெஸ்ஸைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன்.

தூசிக்குள்ளிருந்து குதிரைகள் வெளியே வந்தன. "டின் விசில்! டின் விசில் முந்திருச்சு! ஜெஸமின் விடாம வர்றா, முடியல, முடியல, டின் விசில்தான்!"

பச்சை மஞ்சள் சட்டைதான் ஜெயித்தது.

கிளெம் சுவிட்சை அணைத்தார். பைனாகுலரைக் கழுத்திலிருந்து எடுத்து, அதன் வாரை ஒழுங்காகச் சுற்றி, பெட்டிக்குள் வைத்தார். முகம் அவ்வளவு நிறைவாக இருந்தது.

"தட்டவே இல்ல, பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒண்ணும் தப்பு விடலியே?"

அவர் என்னை நேராகப் பார்த்துக் கேட்டார். இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிச் சொன்னதற்கு அறுபது கிலோமீட்டர் போன மனுஷன்.

"ஒண்ணுகூட இல்ல, கிளெம்."

"அப்ப அடுத்த வருஷத்துக்கும் என் பேரையே போடச் சொல்லு. அந்த... கடைக்காரன்கிட்ட."

"சொல்றேன்."

அவரைக் கைத்தாங்கலாக இறக்கி மொய்ராவிடம் விட்டுவிட்டு டெஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். ஆகஸ்ட் கடைசியில் எடுத்த ஸ்கேனில் நோய் ஈரலுக்கும் பரவியிருந்தது; ஜனவரியைத் தாண்ட மாட்டார் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். டெஸ் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அடுத்த வருஷத்துக்கான தாளில் கிளெம் ராடிகன் என்று எழுதிக்கொண்டான்.